பழவேற்காடு: தண்ணீரைப் பங்கிட்டுக்கொண்ட ஊர்

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் இருக்கும் பழவேற்காட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் பெரும்பாலும் மூன்றைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்: டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம், பருவம் வாய்த்தால் பூநாரைகள், அன்று வலையில் ஏறிய நண்டும் இறாலும். மூன்றும் பார்க்கத் தகுந்தவைதான். ஆனால் இந்த ஊருக்கே உரியது எது என்று கேட்டால் இம்மூன்றையும் ஒதுக்கிவிட்டு, ‘பாடு’ முறையைத்தான் சொல்வேன். ஏரியில் எந்த நாளில், எந்த இடத்தில், யார் வலை கட்டலாம் என்று மீனவர்களே தங்களுக்குள் வகுத்துக்கொண்ட ஏற்பாடு அது. அதற்குக் கல்வெட்டும் இல்லை, தொல்லியல் துறையின் அறிவிப்புப் பலகையும் இல்லை. ஆகவே வெளியூர்க்காரர் கண்ணில் படுவதில்லை. பேரரசுகளும் கம்பெனிகளும் வந்து போன கரையில், வாழ்க்கையை அன்றாடம் நடத்திக் கொடுத்தது இந்த எழுதாச் சட்டம்தான். அதன் நியாயம், அதன் அநியாயம், இப்போது அது கண்டிருக்கும் ஆட்டம் எல்லாவற்றையும் புரிந்துகொள்ள ஏரியிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்த பெரியது பழவேற்காடு ஏரி. வடக்கு தெற்காக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. பரப்பின் பெரும்பங்கு ஆந்திரத்துக்குள் இருக்க, தென்கோடி மட்டும் தமிழ்நாட்டில் திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஸ்ரீஹரிகோட்டா என்னும் நீண்ட மணல்தீவு வங்கக் கடலிலிருந்து ஏரியைப் பிரிக்கிறது. தெற்கே ஆரணி ஆறும் வடக்கே காளங்கி, சுவர்ணமுகி ஆறுகளும் நன்னீர் கொண்டுவருகின்றன. கடல்நீர் உள்ளே வருவதற்கு முகத்துவாரம்தான் வழி. வடக்கே ஆந்திரப் பகுதியிலும் வாய்கள் உண்டு. ஆனாலும் தென்பகுதி ஏரி மூச்சுவிடுவது பழவேற்காட்டு முகத்துவாரம் வழியாகத்தான்.

பரப்பு பெரிதாக இருந்தாலும் ஆழம் மிகக் குறைவு. பல இடங்களில் இடுப்பளவு, சில இடங்களில் முழங்காலளவு. கோடையில் ஓரங்கள் வெடித்த சேற்றுத் தரையாகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆறுகள் பெருகிவரும்போது ஏரி ஏறக்குறைய நன்னீராகிவிடுகிறது. கோடையில் முகத்துவாரம் மணல் மூடிப்போனாலோ கடலைவிட உப்புக் கரிக்கிறது. இந்த ஏற்ற இறக்கத்தில்தான் இறால் பிழைப்பு நடக்கிறது. வெள்ளை இறால் முட்டையிடுவது கடலில். குஞ்சுகள் நீரேற்றத்தோடு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து, சேற்றிலும் கடற்புல்லிலும் சில மாதங்கள் தின்று வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்பப் பார்க்கும். அப்படித் திரும்பும் வழியை மறித்துக் கழிகள் நட்டு, இரவில் நீரோட்டத்துக்கு எதிராக வலை கட்டினால் இறால் தானே வந்து விழும். வலைக்காரர் இறாலைத் தேடி ஓட வேண்டியதில்லை. சரியான இடத்தில் இருந்தால் போதும்.

அந்தச் சரியான இடங்கள் கொஞ்சம்தான். முகத்துவாரத்தை ஒட்டிய நீரோட்டப் பாதைகளில் வலை கட்டியவருக்குக் கூடை நிறையும். சற்றுத் தள்ளிக் கட்டியவருக்கு அடியில் நாலு கிடைக்கும். ஆளுக்கு ஆள் முந்திக்கொண்டு ஓடினால் தினமும் தலை உடையும். இந்தச் சிக்கலுக்கு மீனவர்கள் கண்ட தீர்வுதான் பாடு.

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதா குப்பம் ஆகிய மூன்று ஊர்களில் வாழும் பட்டினவர் என்ற மீனவச் சாதியாருக்கு இந்த உரிமை தலைமுறைகளாக உண்டு. மணமான ஆண் ஒருவர் ஒரு தலைக்கட்டு. ஊர் வரி கட்டி, ஊர்க் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டிருக்கும் தலைக்கட்டுக்குத்தான் பாட்டில் இடம். வலை கட்டும் இடங்களும் நாள்களும் குழுக்களாகப் பிரிக்கப்படும். யாருக்கு எது என்பதைக் குலுக்கல் சொல்லும். இன்று நல்ல இடம் கிடைத்தவர் அடுத்த முறைக்கு நகர்ந்தாக வேண்டும். சுத்து வலை எனப்படும் கழி வலைக்கே இந்தச் சுழற்சி. முறை தவறி வலை இறக்கியவரை ஊர்ப் பஞ்சாயத்து கூப்பிட்டு அபராதம் போடும். அபராதம் கட்ட மறுத்தால் ஊரை விட்டு ஒதுக்குவதுவரை போகும். எந்த அரசுச் சட்டமும் இதை எழுதிக் கொடுக்கவில்லை.

இந்த ஏற்பாட்டின் அழகு அதன் கணக்கில் இருக்கிறது. அதிர்ஷ்டத்தை ஒழிக்க முடியாது, ஆகவே அதைச் சுற்றுக்கு விட்டார்கள். எல்லாரும் எல்லா இடத்திலும் ஒரே இரவில் வலை கட்டுவதும் தடைபட்டது. இறாலில் ஒரு பங்கு கடலுக்குத் தப்பிப் போக வழி இருந்தது. மீன்வளத்தை எப்படிப் பொதுவில் காப்பது என்று ஆராய வந்தவர்கள் பலர் பழவேற்காட்டை எடுத்துக்காட்டாகக் காட்டியது இதனால்தான். இதே சிந்தனை பாக் நீரிணைக்கு அப்பால் இலங்கையிலும் உண்டு. மன்னாரிலும் புத்தளத்திலும் கரைவலை இழுக்கும் உரிமையைப் பாடு என்றே சொல்கிறார்கள்; நீர்கொழும்புக் களப்பில் இறாலுக்குக் கழிவலை கட்டும் சங்கங்கள் குலுக்கல் போட்டுத்தான் இடம் பிரிக்கின்றன. சாதி வேறு, மதம் வேறு, அரசு வேறு. ஆழமில்லாத தண்ணீரும் அளவான இறாலும் எங்கே இருந்தாலும் மனிதர்கள் ஏறக்குறைய இதே முடிவுக்குத்தான் வந்திருக்கிறார்கள்.

முறையின் மறுபக்கத்துக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன், இந்த ஏரிக்கரைக்கு யார் யார் ஏன் வந்தார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

துணிக்காக வந்தவர்கள்

பழவேற்காடு விஜயநகரப் பேரரசின் முக்கியத் துறைமுகங்களில் ஒன்று. போர்த்துகீசியர் 1511இல் மலாக்காவைப் பிடிப்பதற்கு முன்பே இங்கிருந்து அங்கே துணி ஏற்றிய கப்பல்கள் போய்வந்தன. தமிழ், தெலுங்குச் செட்டிகளோடு முஸ்லிம் வணிகர்களும் அந்த வியாபாரத்தில் இருந்தார்கள். மக்காவில் புதிய ஆட்சியாளருக்குத் திறை கட்ட மறுத்து வெளியேற்றப்பட்டவர்கள் நான்கு கப்பல்களில் வந்து கரையேறினார்கள் என்பது ஊர் முஸ்லிம்கள் தங்கள் மூதாதையரைப் பற்றிச் சொல்லிவரும் வரலாறு. அதை உறுதிப்படுத்த முடிகிறதோ இல்லையோ, அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழ் மரபு இங்கே வேரூன்றியிருந்ததும், அவர்களுடைய பழைய வீடுகள் தமிழ்நாட்டு முற்றமும் தூணுமாக இருந்ததும் கண்கூடு. மகிமை மாதா ஆலயம் போர்த்துகீசியர் வைத்தது. 1515 என்று அதற்கு மரபு வழியில் ஆண்டு சொல்கிறார்கள். ஆதிநாராயணப் பெருமாள் கோயிலின் செம்புரைக்கல் சுவரில் விரலளவு இராமாயணச் சிற்பங்கள் ஓடுகின்றன. ஒரு சிறு ஊரில் இவ்வளவும் அடுத்தடுத்த தெருக்களில்.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி வந்தது மிளகுக்காக அல்ல, துணிக்காக. இது பலருக்கும் புதிராக இருக்கும். ஜாதிக்காயும் கிராம்பும் விளைந்த மலுக்குத் தீவுகளில் ஐரோப்பியச் சரக்கை யாரும் சீந்தவில்லை. அங்கே செல்லுபடியானது சோழமண்டலக் கரைத் துணி. துணி இருந்தால்தான் வாசனைப் பொருள். வாசனைப் பொருள் இருந்தால்தான் ஆம்ஸ்டர்டாமில் இலாபம். 1610இல் விஜயநகர மன்னர் இரண்டாம் வேங்கடபதிராயரிடம் டச்சுக்காரர்கள் வணிக உரிமை பெற்றார்கள். 1612இல் சாந்தோமிலிருந்து வந்த போர்த்துகீசியர் அவர்களது பண்டகசாலையைத் தாக்கினார்கள். அதற்கு மறுமொழியாக 1613இல் எழுந்தது கெல்டிரியா கோட்டை. நெதர்லாந்தின் கெல்டர்லாந்து மாகாணத்தின் நினைவாக அந்தப் பெயர். கட்டியவர் வெம்மர் வான் பெர்கெம் அந்த ஊர்க்காரர்.

அன்று முதல் 1690 வரை சோழமண்டலக் கரை முழுவதற்கும் டச்சுத் தலைமையிடம் பழவேற்காடுதான். நாணயச்சாலை இருந்தது. வெடிமருந்து ஆலையிலிருந்து பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) மருந்து போயிற்று. டச்சுக்காரருக்கும் நெசவாளருக்கும் நடுவே நின்று பெருஞ்செல்வம் சேர்த்த அச்சுதப்பச் செட்டி, ‘மலையா’ என்ற பட்டப்பெயரோடு கம்பெனி ஏடுகளில் திரும்பத் திரும்ப வருகிறார். தனக்கென்று கப்பல்கள் வைத்திருந்தவர், உள்ளூர் அரசியலிலும் கை வைத்தவர். 1634இல் அவர் இறந்த பிறகு தம்பி சின்னண்ணா அந்த இடத்துக்கு வந்தார். டச்சு வரலாறு என்று நாம் சொல்வதில் பாதி, இப்படிப்பட்ட உள்ளூர்த் தரகர்களின் வரலாறு. சுற்றுவட்டார நெசவூர்களின் கட்டம்போட்ட துணி மலாய் உலகில் ‘பெலெகாட்’ கைலியாகப் பெயர் பெற்றது. மலேசியாவில் இன்றும் அந்தப் பெயரில்தான் விற்கிறது.

கல்லறைத் தோட்டத்தில் நின்று படம் எடுப்பவர்களுக்கு வழிகாட்டிகள் அதிகம் சொல்லாத ஒன்று உண்டு. துணி ஏற்றிய அதே துறையிலிருந்து மனிதர்களும் ஏற்றப்பட்டார்கள். பஞ்சமும் போரும் வந்த ஆண்டுகளில், தின்ன வழியில்லாதவர்களையும் பிடித்துவரப்பட்டவர்களையும் தரகர்கள் வாங்கிக் கம்பெனிக்கு விற்றார்கள். பதினேழாம் நூற்றாண்டில் ஆயிரக்கணக்கானோர் இப்படி அடிமைகளாகப் பத்தாவியாவுக்கும் மற்ற டச்சுக் குடியேற்றங்களுக்கும் போனார்கள். கல்லறைத் தோட்ட வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். உள்ளே குலச்சின்னங்களோடு அழகான கற்கள் படுத்திருக்கின்றன. கப்பலேறிய தமிழர்களுக்கும் தெலுங்கர்களுக்கும் அங்கே ஒரு கல்கூட இல்லை.

சென்னைப் பட்டினம் உருவானதற்கும் இந்த ஊருக்கும் தொடர்பு உண்டு. 1621இல் ஆங்கிலேயர் டச்சுக்காரரோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி பழவேற்காட்டில் ஒரு பண்டகசாலை வைத்தார்கள். டச்சு நெருக்கடி தாங்காமல் இரண்டே ஆண்டில் விலகினார்கள். 1626இல் ஏரியின் வடமுனைப் பக்கம் துர்க்கராஜப்பட்டினத்தில் இறங்கினார்கள். அங்கும் சரக்கு சரிவரக் கிடைக்கவில்லை. அங்கிருந்து பிரான்சிஸ் டே தெற்கே இடம் தேடிப் போய்த்தான் 1639இல் மதராசப்பட்டினத்தைப் பிடித்தார். டச்சுக்காரர் பழவேற்காட்டில் சற்றே தளர்ந்திருந்தால், தமிழ்நாட்டின் தலைநகரம் ஏரிக்கரையில் இருந்திருக்கும் என்று சொல்லிப் பார்க்கலாம். அப்படி இருந்திருந்தால் ஏரி இன்று என்ன ஆகியிருக்கும் என்பதற்குக் கூவத்தைப் பார்த்தால் போதும்.

1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியதும் ஊர் ஒடுங்கியது. 1781இல் நாகப்பட்டினம் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. பழவேற்காடும் அடுத்தடுத்துக் கைமாறியது. 1806இல் கோட்டையை ஆங்கிலேயர் வெடிவைத்துத் தகர்த்தார்கள். டச்சுக்காரர் கடைசியாக வெளியேறியது 1825இல். கோட்டை இருந்த மேட்டில் இப்போது சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. அகழியின் தடம் மட்டும் தெரிகிறது. கோட்டையின் பெயர் ஒரு மீனவக் குப்பத்தில் தங்கிவிட்டது, அவ்வளவுதான்.

பிறகு ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஊரை வெளியுலகோடு இணைத்தது கால்வாய். 1806இல் மதராசிலிருந்து எண்ணூர் வரை வெட்டி, பின்னர் வடக்கே நீட்டி, 1878இல் பக்கிங்காம் என்று பெயர் சூட்டிய அந்தக் கால்வாய் ஏரியின் ஊடாகவே போனது. ஸ்ரீஹரிகோட்டாக் காட்டு விறகு படகுகளில் மதராஸ் அடுப்புகளுக்கு வந்தது அந்த வழியில். 1960களின் புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. லாரிகள் மிச்சத்தை முடித்தன.

இறாலுக்கு விலை வந்த பிறகு

இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில் மூன்று வெளி முடிவுகள் ஏரியைத் தொட்டன. எதிலும் ஊரைக் கேட்டவர் இல்லை.

முதலாவது, ராக்கெட். ஏவுதளத்துக்காக ஸ்ரீஹரிகோட்டா 1969இல் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1971இல் முதல் ஆய்வு ராக்கெட் புறப்பட்டது. தீவின் காட்டை நம்பி வாழ்ந்த யானாதிப் பழங்குடிகள் இடம்பெயர்ந்தார்கள். சூளூர்பேட்டையிலிருந்து தீவுக்குப் போகும் சாலை ஏரிக்குக் குறுக்கே கரையாக எழுந்து, வடக்குத் தண்ணீரையும் தெற்குத் தண்ணீரையும் பிரித்தது. இன்றும் ராக்கெட் ஏவும் நாள்களில் பழவேற்காட்டுப் படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. நாடு கைதட்டும் நாள் இங்கே வலை காயும் நாள்.

இரண்டாவது, பறவை. ஆந்திரப் பகுதி 1976இலும் தமிழ்நாட்டுப் பகுதி 1980இலும் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. பூநாரையும் கூழைக்கடாவும் காக்கப்பட வேண்டியவைதான், மறுப்பில்லை. ஆனால் எல்லைக்குள் சிக்கிய ஊர்களில் சாலை போட, கட்டடம் எழுப்ப எல்லாவற்றுக்கும் வனத்துறையின் அனுமதியைப் பார்த்து நிற்க வேண்டியதாயிற்று. சரணாலயத்துக்குத் தெற்கே சில கிலோமீட்டரில் அனல்மின் நிலையமும் துறைமுகமும் எழுந்ததை இதோடு சேர்த்துப் பார்க்கும்போது மக்களுக்குக் கசப்பு வராமல் என்ன செய்யும்?

மூன்றாவது, விலை. பாட்டை உள்ளிருந்து அசைத்தது இதுதான். ஒரு காலத்தில் இறால் சாப்பாட்டு மீன், மிஞ்சினால் கருவாடு. 1970களிலிருந்து ஜப்பானுக்கும் மேலை நாடுகளுக்கும் ஏற்றுமதி சூடுபிடித்ததும் அதே இறால் பணமாகியது. இத்தனை நாள் பட்டினவருக்கு மட்டும் பெறுமதியாக இருந்த இடங்கள் எல்லாருக்கும் பெறுமதியாயின. பாட்டுக்கு வெளியே இருந்தவர்கள் ஏன் வெளியே இருக்கிறோம் என்று கேட்டார்கள்.

கேள்வி நியாயமானது. பாடு மூன்று ஊர்களுக்குள் சமத்துவம். அதைத் தாண்டினால் சாதிச் சுவர். பட்டியல் சாதியைச் சேர்ந்த மீனவர்கள் ஏரிக்கரையிலேயே பிறந்து வளர்ந்தாலும் முகத்துவாரப் பாடுகளில் கழி நட முடியாது. பட்டினவரிலேயே வேறு குப்பத்தாருக்கு அங்கே இடமில்லை. பெண்ணுக்குத் தலைக்கட்டு இல்லை. இருளர்களின் நிலை இன்னும் கீழே. வலையும் படகும் இல்லாத அவர்கள், இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். ஓலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, முழு நாளும் தண்ணீரில் குனிந்தபடி நகரும் இருளப் பெண்களைப் பாலத்திலிருந்தே பார்க்கலாம். ஏரியைப் பற்றி அவர்களுக்கு இருக்கும் அறிவு யாருக்கும் குறைந்ததல்ல. ஏரியின் மேல் அவர்களுக்கு உள்ள உரிமை என்ன என்றால் பதில் இல்லை.

பட்டினவர் தரப்புக்கும் வாதம் இருக்கிறது. சுவரை இடித்தால் எல்லாரும் எல்லா இடத்திலும் வலை போடுவார்கள், இறாலும் மிஞ்சாது, சண்டையும் ஓயாது என்கிறார்கள். இது வெறும் சாதித் திமிர் என்று ஒதுக்கிவிட முடியாது. கட்டுப்பாடில்லாத ஏரி என்ன ஆகும் என்பதற்கு எத்தனையோ நீர்நிலைகள் சாட்சி. ஆனால் கட்டுப்பாடு வேண்டும் என்பதும், அந்தக் கட்டுப்பாட்டைப் பிறப்பு தீர்மானிக்க வேண்டும் என்பதும் ஒன்றல்ல. பாட்டைப் புகழ்ந்த ஆய்வாளர்களில் சிலர் முதலாவதைப் பார்த்த வியப்பில் இரண்டாவதைக் கடந்துபோனார்கள் என்பது என் மனக்குறை.

சச்சரவுகள் பல ஆண்டுகள் நீண்டன. பாட்டுக்கு வெளியே இருந்தவர்கள் வேறு வலைகளோடு, வேறு நேரங்களில், வேறு இடங்களில் நுழைந்தார்கள். போதாக்குறைக்கு ஏரியைச் சுற்றி இறால் பண்ணைகள் முளைத்தன. 1996 டிசம்பரில், எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், கடற்கரை ஒழுங்குமுறைப் பகுதிக்குள் அத்தகைய பண்ணைகள் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பண்ணைகள் அதோடு மறைந்துவிடவில்லை. ஆந்திர எல்லையோரத்தில் யார் எதுவரை வலை போடலாம் என்ற தகராறும் அவ்வப்போது வெடிக்கிறது. மாநில எல்லை வரைபடத்தில் கோடாக இருக்கிறது. தண்ணீரில் அதைக் காட்ட யாராலும் முடியாது.

மணல்

பாடு என்பது பங்கீட்டு முறை. பங்கிட ஏதாவது இருக்கும் வரைதான் அது வேலை செய்யும். இப்போதைய ஆபத்து ஊர்ப் பஞ்சாயத்தின் கைக்கு எட்டாத இடத்திலிருந்து வருகிறது.

சோழமண்டலக் கரையில் மணல் நிற்பதில்லை. ஆண்டின் பெரும்பகுதி தென்மேற்கிலிருந்து வரும் அலைகள் மணலை வடக்கே தள்ளிக்கொண்டே போகின்றன. வடகிழக்குப் பருவத்தில் சில மாதம் தெற்கே திரும்பும். கூட்டிக்கழித்தால் வடக்கேதான் போகிறது. கடலுக்குள் ஒரு கல்சுவரை நீட்டினால் அதன் தென்பக்கம் மணல் சேரும், வடபக்கம் கரை அரிக்கும். இதை நிரூபிக்கச் சென்னைத் துறைமுகம் போதும்: அதற்குத் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம், காசிமேடு கரை கரைந்தது. ஒரு நூற்றாண்டுக்கு முன்பே படித்த பாடம். இருந்தும் 2001இல் எண்ணூர்த் துறைமுகமும், சுமார் பத்தாண்டு கழித்துக் காட்டுப்பள்ளித் துறைமுகமும் அதே கரையில், வடக்கு நோக்கி ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. காட்டுப்பள்ளிக்கு அடுத்து வடக்கே இருப்பது பழவேற்காடு.

2018இல் காட்டுப்பள்ளித் துறைமுகத்தை அதானி குழுமம் வாங்கியது. சுமார் 330 ஏக்கரில் இருப்பதை ஏறத்தாழ 6,110 ஏக்கராக விரிக்கும் திட்டத்தை முன்வைத்தது. அதில் 2,000 ஏக்கரை ஒட்டிய பரப்பு கடலைத் தூர்த்து எடுக்கப்படுவது. பழவேற்காட்டு மீனவர்கள் எதிர்த்தார்கள். கடலுக்கும் உள்நீர்நிலைக்கும் நடுவே தடுப்பாக நிற்பது ஒடுங்கிய மணல்தீவு. கரையரிப்பு அதைத் தின்றுவிட்டால் கடலும் ஏரியும் ஒன்றாகிவிடும் என்பது அவர்கள் அச்சம். கரையியல் அறிந்தவர்களும் அதை வீண் பயம் என்று தள்ளவில்லை. 2021 ஜனவரி 22இல் நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. திட்டத்தை அனுமதிக்க மாட்டோம் என்ற வாக்குறுதி அந்த ஆண்டுத் தேர்தலில் ஒலித்தது. 2023 செப்டம்பர் 5க்கு மறுபடி நாள் குறித்து, அதுவும் தள்ளிப்போனது. சாதி மதம் பாராமல் பாட்டுக்காரரும் பாட்டுக்கு வெளியே உள்ளவரும் ஒரே பக்கம் நின்றது இந்த எதிர்ப்பில்தான்.

முகத்துவாரத்தின் கதை இன்னும் நெருக்கமானது. கோடையில் மணல் மூடி, படகு தட்டும். கடலுக்குப் போக முடியாது. இறால் குஞ்சு உள்ளே வர முடியாது. ஏரி உப்பாகிக் கொதிக்கும். முன்பெல்லாம் மழைவெள்ளமே அடைப்பை உடைத்துத் திறக்கும். இப்போது ஆற்றில் வரும் தண்ணீர் குறைந்துவிட்டதால் அடைப்பு அடிக்கடி நேர்கிறது. ஊர்க்காரர்கள் காசு போட்டு, மண்வெட்டியோடும் இயந்திரத்தோடும் இறங்கித் தாங்களே வெட்டித் திறந்த ஆண்டுகள் பல. நிரந்தரத் தீர்வாக இருபுறமும் கல்சுவர் எழுப்பி முகத்துவாரத்தை நிலைநிறுத்த அரசு சுமார் 27 கோடி ரூபாயில் திட்டம் போட்டது. இடம் சரணாலயத்துக்குள் வருவதால் வனவிலங்கு வாரிய அனுமதிக்காக அது வருடக்கணக்கில் காத்திருந்தது. பிறகே வேலை தொடங்கியது. பெரிய கல்சுவர்கள் கரையை அரித்த இடத்தில் சின்னக் கல்சுவர்கள் மருந்தாக வருகின்றன. வேறு வழியும் கைவசம் இல்லை.

இப்போது

ஊர் சோர்ந்து கிடப்பதாக நினைத்துவிட வேண்டாம். விடியற்காலையில் ஏலக் கூச்சல் காதைத் துளைக்கிறது. மடவை, கிழங்கான், கொடுவா வந்து விழுகின்றன. கொடுக்கைக் கயிற்றால் கட்டிய பெரிய நண்டுகள் உயிரோடு சென்னைக்குப் போய், அங்கிருந்து விமானமேறிச் சிங்கப்பூர் மேசைக்குப் போகின்றன. அதில் பிடித்தவருக்கு வருவது கொஞ்சம். வலைக்கும் இன்ஜினுக்கும் முன்பணம் கொடுத்த வியாபாரிக்கே சரக்கைப் போட வேண்டும், அவர் சொன்ன விலைக்கே போட வேண்டும். கடன் தீரும் வரை இதுதான் நடைமுறை, கடன் தீர்வதாக இல்லை. மீன் கூடையைத் தலையில் சுமந்து பொன்னேரி வரை போய் விற்ற பெண்களின் இடத்தை ஷேர் ஆட்டோ பாதி குறைத்திருக்கிறது. முஸ்லிம் தெருக்களில் பெண்கள் பனையோலையில் பெட்டியும் கூடையும் முடைகிறார்கள். கைவேலை நேர்த்தியானது, கூலி சொற்பம்.

படகுச் சவாரி ஒரு காலத்தில் நல்ல துணை வருமானம். 2011 கிறிஸ்துமஸ் அன்று சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன்பின் சவாரிக்குத் தடை வந்தது.

பிள்ளைகள் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கும் எண்ணூர்ப் பக்கத்து ஒப்பந்த வேலைகளுக்கும் போகிறார்கள். எந்தத் துறைமுகத்தை அப்பா எதிர்த்து ஊர்வலம் போகிறாரோ அதன் வாசலில் மகன் காவலர் உடுப்பில் நிற்பதும் உண்டு. இதில் முரண்பாடு தேடுபவர்கள் வீட்டு வரவுசெலவைப் பார்த்ததில்லை. இறால் இல்லாத மாதத்தில் சம்பளம் வரும் ஒரு ஆள் வீட்டில் இருந்தால்தான் மற்றவர் வலையை விற்காமல் வைத்திருக்க முடியும். ஒரு விளைவையும் சொல்ல வேண்டும்: தலைக்கட்டு வரி கட்டிவிட்டு ஏரிக்கே போகாதவர்கள் பெருகுகிறார்கள். ஏரியை மட்டுமே நம்பியிருக்கும் பாட்டுக்கு வெளியே உள்ளவர்களுக்கு இது பழைய கேள்வியை இன்னும் கூர்மையாக்குகிறது.

அந்தக் கேள்வி விரைவில் மேசைக்கு வந்தே தீரும். சுவர்கள் நினைத்தபடி வேலை செய்து முகத்துவாரம் ஆண்டு முழுவதும் திறந்திருந்தால், நீரோட்டம் மாறும், இறால் வரும் தடம் மாறும், நல்ல இடங்கள் நகரும். பழைய பாட்டு எல்லைகளில் சில வெறும் தண்ணீராகிவிடும். இதுவரை யாரும் சொந்தம் கொண்டாடாத இடங்களுக்குப் புதிதாகக் குலுக்கல் போட வேண்டிவரும். இருளர்களும் மற்ற ஊர்க்காரர்களும் அப்போது தங்கள் பெயரையும் எழுதச் சொல்லிக் கேட்பார்கள். மூன்று குப்பங்களின் பஞ்சாயத்து சேர்ந்து உட்கார்ந்து அதற்கு என்ன சொல்லப்போகிறது என்பதைப் பொறுத்தே பாடு இன்னொரு தலைமுறைக்கு நீடிக்கும்.